மகள் வெளிமாநிலத்துக்குப் படிக்கப் போகலாமா?

 

இன்று ஒரு வீட்டின் கதையைக் கேட்போம். அந்த வீட்டில் ஐந்து பேர். ஆயா, அப்பா, அம்மா, மகள், அவள் தம்பி. பெயர்கள் வேண்டாம். இதுபோல் பல வீடுகள் உண்டு. உங்கள் வீடாகக்கூட இருக்கலாம்.

வீடு இருப்பது கோலார் தங்கவயல். அது கர்நாடக மாநிலம். ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். ஏன்? 1880-ஆம் ஆண்டுகளில் அங்கே வெள்ளைக்காரர்கள் தங்கச் சுரங்கம் தோண்டினார்கள். வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கம் இருந்து ஏழை ஜனங்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பூமிக்குள் இறங்கினார்கள். அங்கேயே லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். பிள்ளை பெற்றார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு அந்த ஊர் ஜனங்களுக்கு ரயில்தான் வாழ்க்கை. விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயிலில் ஏறி, சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூரில் வேலை செய்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள்.

அந்த அப்பாவும் அப்படித்தான். பெங்களூரில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை. மாதம் 12,000 ரூபாய். அம்மா வீட்டில் பூ கட்டி விற்கிறாள். அவள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. பக்கத்துத் தெருவில் நடந்த மாலை வகுப்பில் தமிழ் எழுத்து கற்றாள். இப்போது மெதுவாகப் படிப்பாள். கணக்கு மட்டும் வேகம். பூ விற்கிறவளுக்குக் கணக்கு வராமல் இருக்குமா?

மகள் செகண்ட் பி.யூ.சி. பாஸ் செய்துவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பைக் கர்நாடகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நல்ல மார்க். இனி என்ன செய்வது? அந்தக் கோடையில் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

முதலில் வந்தது ஓர் ஏஜெண்ட். கையில் வண்ண வண்ணக் காகிதம். காகிதத்தில் பெரிய கட்டடம், வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள். தமிழ்நாட்டில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியாம்.

"அக்கா, நம்ம பாஷை, நம்ம ஜனம். பொண்ணு நம்ம வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கும். முதல் வருஷம் 45,000 கட்டுங்க, போதும். அப்புறம் எல்லாம் ஸ்காலர்ஷிப்ல வந்துடும். உங்களுக்குச் சும்மாதான்."

ஆயாவுக்குக்கூட அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. அப்பாவும் தலையாட்டினார். ஏஜெண்ட் பையைத் திறந்தார்.

"ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் இப்பவே குடுத்துடுங்க அக்கா. நான் சீட்டைப் பிடிச்சு வச்சிடறேன். நாளைக்கு வந்தா இருக்காது."

இங்கேதான் அம்மா நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன் அதே லைனில் ஒரு பெண் இப்படித்தான் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். மூன்று மாதத்தில் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தாள். "நாலு வருஷக் காசையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துக்கோ" என்றார்கள். அந்தக் குடும்பம் நடையாய் நடந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடப் படிப்பு போயிற்று.

"ஒரிஜினல் குடுக்க மாட்டேன் தம்பி. ஜெராக்ஸ் எடுத்துக்குங்க" என்றாள் அம்மா.

ஏஜெண்ட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாயந்தரம் வருகிறேன் என்று போனார். அம்மா அந்த வண்ணக் காகிதத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

நண்பர்களே, இதைக் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு என்று ஓர் அமைப்பு டெல்லியில் இருக்கிறது. யு.ஜி.சி. என்பார்கள். எந்தக் கல்லூரியும் மாணவரின் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் குழு 2018-இல் உத்தரவு போட்டிருக்கிறது. சரிபார்க்க வேண்டும், உடனே திருப்பித் தர வேண்டும். கல்லூரிக்கே அந்த உரிமை இல்லாதபோது, நடுவில் வருகிற ஆளுக்கு ஏது?

அன்று ராத்திரி அம்மா நோட்டை எடுத்தாள். காகிதத்தில் ஆங்கில எழுத்து. அது அவளுக்குத் தெரியாது. ஆனால் எண்கள் அவளுக்குத் தெரிந்த அதே எண்கள்தானே! மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"இந்த நம்பருக்குப் பக்கத்துல இன்னா போட்டிருக்கு, படி கண்ணு."

"ஹாஸ்டல் எக்ஸ்ட்ரா, மாசம் 5,000."

"இது?"

"யூனிபார்ம், புஸ்தகம், பரீட்சைப் பீஸ், எல்லாம் தனி."

அம்மா எழுதினாள். 45,000 ஒரு வருடத்துக்கு. படிப்பு நாலு வருடம். 1,80,000. விடுதி வருடத்துக்குப் பத்து மாதம், 50,000. நாலு வருடத்துக்கு 2,00,000. ஆக 3,80,000. சீருடை, புத்தகம், ரயில் செலவு இதில் சேரவில்லை. அப்பாவின் சம்பளத்தை ஒரு பைசா செலவு செய்யாமல் சேர்த்தாலும் இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும்.

"ஸ்காலர்ஷிப் வரும்னு சொன்னாரே" என்றார் அப்பா.

அதைக் கேட்க அம்மாவும் மகளும் மறுநாள் பி.யூ. கல்லூரி மேடத்தைப் பார்க்கப் போனார்கள். மேடம் பொறுமையாகச் சொன்னார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள்.

பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு அரசு ஓர் உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அந்த அப்பாவின் வருமானம் 1,44,000. அது சரி. ஆனால் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று சில இடங்கள் இருக்கும். மேனேஜ்மெண்ட் கோட்டா என்பார்கள். கல்லூரி முதலாளி தன் இஷ்டத்துக்குக் கொடுக்கும் இடம் அது. அந்த இடத்தில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடையாது. ஏஜெண்ட் விற்கிற இடம் பெரும்பாலும் அந்த இடம்தான். அதைக் காகிதத்தில் போட மாட்டார்கள். வாயாலும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் மேடம் சொன்னார்கள். அதைக் கேட்டு அம்மா திகைத்துப்போனாள். "நம்ம பாஷை பேசுற ஊரு, அங்கே நமக்கு எல்லாச் சலுகையும் உண்டு" என்று ஏஜெண்ட் சொன்னாரே, அது உண்மை இல்லை. பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. கர்நாடகத்தில் சான்று வாங்கியவர், தமிழ்நாட்டு அரசு தன் மாநிலத்தாருக்கு ஒதுக்கிய இடத்தைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் இதைச் சொல்லியிருக்கிறது. ஒரே சாதி, ஒரே மொழி, தாத்தாவின் ஊர் வேலூர்ப் பக்கம். இருந்தாலும் அப்படித்தான். தாலுகா ஆபீஸ் சான்றில் எந்த மாநிலம் என்று இருக்கிறதோ, அதுதான் கணக்கு.

"அப்போ நாங்க தமிழங்க இல்லையா மேடம்?" என்று அம்மா கேட்டாள்.

"தமிழங்கதான் அம்மா. ஆனா கர்நாடகத் தமிழங்க" என்று மேடம் சிரித்தார்கள்.

ஆனால் மத்திய அரசின் கல்வி நிலையங்களில் கதை வேறு. அங்கே பட்டியல் சாதி இடம் நாடு முழுவதற்கும் பொது. எந்த மாநிலத்துச் சான்றும் செல்லும். உதவித்தொகையும் போய்விடாது. வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநில அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதாவது, அந்தப் பெண் திருவாரூரில் படித்தாலும் டெல்லியில் படித்தாலும் கர்நாடக அரசிடம்தான் கேட்க வேண்டும்.

நர்சிங் நல்ல படிப்பு. அதில் சந்தேகமே வேண்டாம். அரசுக் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். சிக்கல் படிப்பில் இல்லை, போகும் வழியில்தான்.

சரி, மகளுக்கு என்ன ஆசை? பாருங்கள், இத்தனை நாளும் அந்த வீட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. ஆயா கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை. அம்மாகூடக் கேட்கவில்லை. மகளும் "நீங்க சொல்றதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் பிள்ளைகள் பல பேர் இப்படிச் சொல்லிவிட்டு, பிறகு தனியாக அழுவார்கள்.

ஒரு மதியம். தம்பி விளையாடப் போயிருந்தான். ஆயா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

"உனக்கு நர்ஸ் ஆவணுமா பாப்பா?"

"இல்லம்மா. ரத்தம் பார்த்தா எனக்கு மயக்கம் வருது."

"ஐயோ, இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க."

அம்மாவுக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

"அப்போ இன்னாதான் வேணும்?"

"கணக்கு. கணக்கு டீச்சர் ஆவணும். நான் அந்த சி.யூ.இ.டி. பரீட்சை எழுதினேனே, அதுல ரெண்டு ஊர்ல கூப்பிட்டிருக்காங்க. ஒண்ணு குல்பர்கா. ஒண்ணு திருவாரூர்."

சி.யூ.இ.டி. என்பது மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வு. 2022 முதல் நடக்கிறது. தமிழ், கன்னடம் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். கர்நாடகத்துக்கான மத்தியப் பல்கலைக்கழகம் குல்பர்காவில், இப்போது கலபுரகி என்று பெயர், அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கானது திருவாரூரில். இரண்டும் 2009-இல் தொடங்கியவை. கட்டணம் தனியார் கல்லூரி போல் இல்லை, குறைவு. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் பெரிய தொகை வேண்டும்.

மகள் இதை மேடத்தின் உதவியோடு எழுதியிருந்தாள். இடம் கிடைக்கும் என்று அவளே நம்பவில்லை. அதனால் சொல்லவில்லை.

அப்பா ராத்திரி வந்ததும் அம்மா சொன்னாள். அப்பா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார்.

"வெளி மாநிலம் வேணாம்" என்றார். "போவணும்னா குல்பர்கா போவட்டும். நம்ம மாநிலத்துக்குள்ள இருக்கட்டும். ஒண்ணுன்னா ஓடிப் பார்க்கலாம்."

மறுநாள் மாலை அம்மா வகுப்புக்குப் போனபோது சுவரில் இந்திய வரைபடம் தொங்கியது. அவள் கையில் பூ கட்டுகிற நார் இருந்தது. ஒரு முனையைத் தங்கவயல் பக்கம் பிடித்தாள். இன்னொரு முனையைக் கலபுரகி வரை இழுத்தாள். அந்த அளவில் முடிச்சுப் போட்டாள். பிறகு அதே நாரைத் திருவாரூர்ப் பக்கம் திருப்பினாள். முடிச்சு திருவாரூரைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது!

உண்மைதான். கலபுரகி பெங்களூரிலிருந்தே 500 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு 100. திருவாரூர் சுமார் 400 கிலோமீட்டர்தான். பக்கத்தில் இருக்கிற குப்பம்கூட ஆந்திர மாநிலம்தான். பங்காருப்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதை யாரும் வெளிமாநிலம் என்று பயப்படுவதில்லை. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வருகிறார்கள். மாநில எல்லைக்கும் தூரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அம்மா நாரைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். அப்பா சிரித்தார். ஆனால் சரி என்று சொல்லவில்லை. அவருடைய பயம் தூரம் அல்ல.

"ராகிங் பண்ணுவாங்களாம். பேப்பர்ல போடறான். பொட்டப் புள்ள தனியா இன்னா செய்யும்?"

இந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ராகிங் கொடுமையால் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். அதனால்தான் 2009-இல் யு.ஜி.சி. கடுமையான விதிகள் கொண்டுவந்தது. மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும். புகார் சொல்ல இலவசத் தொலைபேசி எண் உண்டு. 1800-180-5522. இரவும் பகலும் பேசலாம். மகள் இந்த எண்ணைச் சொன்னாள். அம்மா அதைச் சுண்ணாம்புக் கட்டியால் அடுப்படிச் சுவரில் எழுதி வைத்தாள். மற்ற பிள்ளைகளின் அம்மாக்களும் வந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

பிறகு அம்மா தன் நோட்டில் கேள்விகளை எழுதினாள். தமிழில், கோணல் மாணலாக. முதல் வருடப் பெண்களுக்கு விடுதியில் இடம் உண்டா? சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு? தவணையாகக் கட்டலாமா? ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள்? உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்? மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். முதல் நாள் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்தார்கள். அம்மா கேள்வியைப் படிக்க, மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். நடுவில் அந்தப் பக்கம் இருந்தவர், "நீங்க தமிழா?" என்று கேட்டார். பிறகு அம்மாவே போனை வாங்கிப் பேசினாள்.

பணம் கட்ட நாலு நாள்தான் இருந்தது. அப்போது ஒரு சிக்கல் வந்தது. அம்மா எல்லாச் சான்றையும் தரையில் பரப்பி வைத்திருந்தாள். மார்க்ஸ் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, வருமானச் சான்று. பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்:

"இதுல உன் பேருக்கு அப்புறம் ஒரே ஒரு எழுத்துதான் இருக்கு. இதுல மட்டும் ஏன் இத்தனை எழுத்து?"

மார்க்ஸ் கார்டில் அப்பா பெயருக்கு முதலெழுத்து மட்டும் இருந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுவதும் இருந்தது. தமிழ்க் குடும்பங்களில் இது எப்போதும் வரும் தொல்லை. நமக்கு இனிஷியல்தான் பழக்கம். படிவம் போடுகிறவர்கள் அதை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதிவிடுவார்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் உதவித்தொகை விண்ணப்பம் நின்றுவிடும். ஆங்கிலம் படித்த மகள் அதைக் கவனிக்கவில்லை. எழுத்துகளைப் புதிதாகப் பார்க்கிற அம்மாவின் கண்ணில் பட்டது.

உடனே ஆதார் மையத்துக்கு ஓடினார்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்த முடியும். அதனால் மார்க்ஸ் கார்டில் இருப்பதுபோலவே, ஓர் எழுத்து பிசகாமல் திருத்தச் சொன்னார்கள். வங்கிக்கும் போய், கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று கேட்டார்கள். உதவித்தொகை அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

உதவித்தொகை உடனே வராது. இதையும் சொல்லியாக வேண்டும். சேர்ந்து பல மாதம் கழித்து வரும். முதல் தவணையைக் கையில் வைத்திருக்க வேண்டும். கல்விக் கடன் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். 4 லட்சம் ரூபாய் வரை கல்விக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. அது உண்மை. ஆனால் படிக்கிற காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். "குறைஞ்ச பீஸ்தானே, இதுக்குப் போய் அத்தனை வருஷக் கடன் எதுக்கு?" என்றாள் அம்மா. மகளிர் சங்கத்தில் கொஞ்சம் வாங்கினாள். போதவில்லை. காதில் இருந்த கம்மலை அடகு வைத்தாள். அதற்குப் பதில் ஒரு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். ஆயா அதைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"வெறுங்காதோட நிக்கறியே! இப்பிடிப் படிக்க வச்சு இன்னாத்தக் காணப் போற? எந்த ஊருக்கு அனுப்பற அவளை?"

"திருவாரூருக்கு அத்தை."

"தேர் இருக்குதே, அந்த ஊரா?"

"அதே ஊருதான்."

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. திருவாரூர்த் தேரின் அழகைப் பற்றி அவள் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை. "அவ அங்கே சேர்ந்தா தேருக்கு என்னையும் இட்டுக்கினு போவாளா?" என்று மட்டும் கேட்டாள். அதற்காக ஆயா மனம் மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கடைசி நாள் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தாள். முணுமுணுத்துக்கொண்டே மிளகாய்ப் பொடி இடித்துக் கொடுத்தாள்.

கடைசியில் அப்பாதான் பாக்கி. அவர் ஒரு ராத்திரி மகளைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குப்பா."

"அப்போ வேணாம்னு சொல்லிடேன்."

"பயமா இருக்கு. ஆனா போவணும்."

அப்பா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சுரங்கத்துல முதல் நாள் கூண்டுல இறங்கும்போது உங்க தாத்தாவும் இப்படித்தான் சொன்னாராம்" என்றார். இரண்டு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனையும் போட்டார். பிடிக்கவில்லை என்றால் மறைக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள்.

இது நல்ல நிபந்தனை. ஏனென்றால் சேர்ந்துவிட்டு விலகினால் பணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. விதி உண்டு. 2018-இல் வந்த விதிப்படி, சேர்க்கைக்குக் கடைசித் தேதி முடிந்து 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் விலகினால் 50 சதவீதம் திரும்ப வரும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. அந்த விதி அவ்வப்போது மாறும். சேருகிற வருடத்தின் தேதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பயந்துகொண்டு மூன்று மாதம் மறைத்தால் பணமும் போகும், அந்த வருடமும் போகும்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது! பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். வேலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டிப் பலகை முழுவதும் தமிழாக இருக்குமே, எப்படிப் படிப்பாள்?

அம்மா வகுப்பிலிருந்து தன் முதல் புத்தகத்தை எடுத்து வந்தாள். பூ கட்டிக்கொண்டே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மகள் கெட்டிக்காரி. ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டினாள். "தி-ரு-வா-ரூ-ர்" என்று படித்தாள். ரகரத்துக்கும் றகரத்துக்கும் மட்டும் தடுமாறினாள். "பாம்பு மாதிரி நீட்டுனா பெரிய ற" என்று அம்மா சொன்னாள். வகுப்பில் அவளுக்குச் சொன்னதும் அதுதான்.

அப்பாவும் மகளும் பங்காருப்பேட்டையில் ரயில் ஏறினார்கள். காட்பாடியில் இறங்கி, வேலூரில் பேருந்து பிடித்து, மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். பலகைகளை மகளே படித்தாளாம். பல்கலைக்கழகம் ஊருக்கு வெளியே நீலக்குடியில் இருக்கிறது. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பார்த்தார்கள், அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா அதை வேட்டிக்குள் கட்டிக்கொண்டு வீடு வரும் வரை அவிழ்க்கவில்லை.

திரும்பி வரும்போது ரயில் கட்டணச் சலுகை பற்றியும் கேட்டு வந்தார். படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்கு வர, கல்லூரியில் படிவம் வாங்கிக் காட்டினால், படுக்கை வகுப்பில் பாதிக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 75 சதவீதம் தள்ளுபடி, கால் பங்கு கட்டினால் போதும்.

முதல் பதினைந்து நாள் மகள் தினமும் போனில் அழுதாள். சோறு வேறு மாதிரி, வெயில் வேறு மாதிரி, பக்கத்துப் படுக்கைப் பெண் மலையாளம் பேசுகிறாள். அப்பா ஒருநாள், "வந்துடறியா?" என்று கேட்டார். இன்னும் பதினைந்து நாள் பார்க்கிறேன் என்றாள். அந்தப் பதினைந்து நாள் கழித்து, அழவும் இல்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கணக்கைப் பற்றியே பேசினாள். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

ஒருநாள் அப்பாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. மகள் தாளில் தமிழில் கடிதம் எழுதி, படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அவள் எழுதிய முதல் தமிழ்க் கடிதம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அன்புள்ள அம்மா, நான் நலம். சாப்பாடு பறவாயில்லை."

அம்மா அந்தப் போனை மாலை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொருவரிடமும் காட்டினாள்.

"இங்கே பாருங்க, சின்ன ர போடற எடத்துல பெரிய ற போட்டிருக்கா. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தேன்!"